ராசா தாழி

பரவைக்கு மேற்கே, திண்டுக்கல் சாலையை விட்டு இறங்கினால் ஒரு பொட்டல் வரும். அங்கே எதுவும் விளையாது. ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்த இடத்தை அவசரமாகத்தான் கடப்பார்கள். மண்ணுக்குள் முதுமக்கள் தாழிகள் இருந்தன; ஊர்ப் பேச்சில் மதமதக்காத் தாழிகள். முன்னொரு காலத்தில் மனிதர்கள் சாகாமல் வயசாகி வயசாகிச் சிறுத்துப்போய்ப் பூனைக்குட்டி அளவுக்கு ஆகிவிடுவார்களாம். அவர்களைத் தாழிக்குள் உட்கார வைத்து, கொஞ்சம் தானியமும் வைத்து, மூடிப் புதைத்துவிடுவார்களாம். ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. தொடர்ந்து மழை பொய்த்துக் கண்மாய் வெடித்துக் கிடந்த அந்தக் கோடையில், அந்தத் தாழிகள்தான் ஊருக்குக் கஞ்சி ஊற்றின.

சென்னையிலிருந்து ஓர் ஆபீசர் வந்து கூடாரம் அடித்தார். தாழிகளை உடையாமல் எடுத்து ஆராய வேண்டும் என்றார். மேலத்தெரு ஆண்கள் தோண்டினார்கள். கீழத்தெருப் பெண்கள் மண் சுமந்தார்கள். நல்லகாமன் மேஸ்திரி. எடுத்த தாழிகளை வைக்கோலில் பொதிந்து மதுரை ரயிலடிக்குக் கொண்டுபோக, ஆபீசர் யூனுஸின் மாட்டு வண்டியை அமர்த்தியிருந்தார். மதுரையிலிருந்து வண்டி காலியாகத்தானே வருகிறது என்று, அங்கே அரிசி மண்டி வைத்திருந்த சிஹாபுதீன் ராவுத்தர் தினமும் ஒரு மூட்டைக் குருணையை அதில் ஏற்றி அனுப்பினார். வேலை செய்கிற எல்லோருக்கும் மத்தியானம் கஞ்சி. காசு வேண்டாம், வரிசை மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் நாள் அந்த வரிசையைப் பற்றித்தான் பேச்சு வந்தது.

"கீழத்தெரு ஆளுகளுக்குத் தனியா ஒரு வரிசை போட்ரு யூனுஸு" என்றான் நல்லகாமன்.

"போட்ரலாம் மாப்ள" என்றான் யூனுஸ், மூட்டையை இறக்கிக்கொண்டே. "ரெண்டாவது வரிசைக்கு ரெண்டாவது மூட்டை வேணும். ஒங்க வீட்டுக் குதிருல இருக்கா?"

நல்லகாமன் வீட்டுத் தானியக் குதிரில் எலிகூடப் பட்டினி என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்தான். வரிசை ஒன்றாகவே நின்றது. ஒரு கை இடைவெளி விட்டுத்தான் நின்றார்கள். ஆனாலும் முன்னால் வந்தவர் முன்னால் நின்றார். செம்மண் எல்லோர் மேலும் ஒரே நிறமாகப் படிந்திருந்ததால், யார் எந்தத் தெரு என்று தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

கஞ்சி காய்ச்சுகிற வேலை, மேலத்தெருவிலிருந்து தோண்ட வந்த காளை என்பவனின் மனைவி செல்லத்தாய்க்கு. முதல் அகப்பையைக் கருப்பசாமியை நினைத்து மண்ணில் விடுவாள். அடுத்த அகப்பை வரிசைக்கு.

வரிசையில் தங்கப்பொண்ணு என்ற கீழத்தெருப் பெண் தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் புருஷன் மலையாண்டி தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன், திரும்பி வரவில்லை. மகள் ராமக்காளுக்கு நான்கு வயசு. சித்திரையில் வந்த காய்ச்சல் அவளைத் தோலும் எலும்புமாக விட்டுவிட்டுப் போயிருந்தது. பரவைச் சந்தைக்கு வந்த வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, "மருந்து ஒண்ணும் வேணாம். நாள் தவறாம வயித்துல கஞ்சி விழணும். ஆடி கழியிற வரைக்கும் விழுந்துட்டா பொழச்சுக்கிடும். நின்னுபோச்சுன்னா எங்கிட்ட வராத" என்று சொல்லியிருந்தார்.

ராமக்காளுக்கென்று கையகல மண்சட்டி ஒன்று இருந்தது. அதை யாரிடமும் கொடுக்க மாட்டாள். தானே நீட்டுவாள்.

"எம்புட்டுடீ ஊத்த?" என்பாள் செல்லத்தாய்.

"அம்புட்டும்" என்பாள் ராமக்காள்.

வைகாசி முடிவதற்குள் அவள் இடுப்பை விட்டு இறங்கி வரிசையில் தானே நின்றாள்.

ஆபீசரின் முகம் மட்டும் நாளுக்கு நாள் வாடிக்கொண்டு போயிற்று. திறந்த தாழிகளுக்கு நடுவே குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருப்பார். ஒவ்வொன்றிலும் இருந்தவை ஒரே மாதிரிதான். எலும்புத்தூள், ஒரு கறுப்புக் கிண்ணம், கொஞ்சம் உமி, ஒரு சிவப்புக் கல் பாசிமணி. பெரிய ஆளின் தாழியிலும் ஒரு பாசி, சின்னவன் தாழியிலும் ஒரு பாசி.

"இவ்வளவு பேரைப் புதைச்சிருக்காங்க. ஒரு தலைவன் இல்லையா?" என்றார் ஒருநாள், தனக்குத்தானே பேசுகிற மாதிரி.

"தலைவன் இல்லாத ஊரா? அப்ப பஞ்சாயத்து யாரு சாமி பேசியிருப்பா?" என்றான் காளை.

மண்கூடையோடு நின்ற தங்கப்பொண்ணு, "எல்லாருக்கும் ஒரு பாசின்னா பஞ்சாயத்துக்கு என்ன சாமி வேலை?" என்றாள்.

ஆபீசர் சிரிக்கவில்லை. "மேலே இருக்கிறவங்களுக்கு ராஜா வேணும்மா. ராஜாவோ சிற்றரசனோ ஒருத்தன் கல்லறையாவது கிடைக்கலேன்னா, வர்ற வெள்ளிக்கிழமையோட மூடிட்டு வரச் சொல்லிட்டாங்க" என்றார்.

மூடிவிட்டால் தாழி இல்லை. தாழி இல்லாவிட்டால் வண்டி இல்லை. வெறும் குருணைக்காக வண்டி கட்டி அனுப்ப ராவுத்தருக்கும் கட்டாது. மதுரையிலேயே அவர் மண்டி வாசலில் கூட்டம் நின்றது. 

ஞாயிற்றுக்கிழமை ஆபீசர் மதுரைக்குப் போயிருந்தார். நல்லகாமன் காளையையும் தங்கப்பொண்ணையும் பொட்டலுக்கு வரச் சொன்னான். மேல்மண் எடுத்து, இன்னும் திறக்காமல் ஆபீசருக்காகக் காத்திருந்த தாழிகள் வெயிலில் வரிசையாகத் தெரிந்தன. அவற்றில் பெரியதாக இருந்த ஒன்றை நல்லகாமன் காலால் தொட்டுக் காட்டினான்.

"அவருக்கு ராசா வேணும், நமக்குக் கஞ்சி வேணும். செஞ்சிருவோம். மத்த சட்டியில இருக்கிற பாசியை எல்லாம் எடுத்து இதுல போடு. இவருதான் ராசா."

காளை தலையைச் சொறிந்தான். "செத்தவுக சட்டியில கை விடணுமாண்ணே?"

"செத்தவுகளுக்குப் பசிக்குதாடா?"

மூடியை உடைக்காமல் லேசாக நகர்த்தி, இடுக்கு வழியாகக் கையை விட வேண்டும். அவ்வளவு ஒல்லியான கை தங்கப்பொண்ணுக்குத்தான் இருந்தது. காளை மூடியைத் தூக்கிப் பிடிக்க, அவள் தோள் வரை கையை விட்டுத் துழாவி ஒவ்வொரு பாசியாக எடுத்தாள். எடுத்த ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கடைசியில் ஒரு சின்னத் தாழி இருந்தது. தோள் வரை விட வேண்டியிருக்கவில்லை. மணிக்கட்டோடு தரை தட்டியது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"சாமி, இது பச்சப் புள்ள."

காளை நல்லகாமனைப் பார்த்தான். நல்லகாமன் வானத்தைப் பார்த்தான்.

"ஓம் புள்ளய நெனச்சுக்க" என்றான் காளை, மெதுவாக.

அவள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். உள்ளங்கையில் அது ஒரு குன்றிமணி போல இருந்தது. "ஒருத்தர ராசாவாக்க எத்தன பேரு சட்டியில சாமி கை வைக்க வேண்டியிருக்கு" என்றாள். காளை பாசிகளை எல்லாம் பெரிய தாழிக்குள் கொட்டி மூடினான். இடுக்குகளில் புழுதியை நிரப்பித் தண்ணீர் தெளித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆபீசர் பெரிய தாழியைத் திறந்தார். உள்ளே பாசிகள் குவியலாகக் கிடந்தன. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிறுபிள்ளை மாதிரி அழுதார். பிறகு மற்றத் தாழிகளைத் திறந்தார். அவற்றில் ஒரு பாசியும் இல்லை. "பார்த்தீங்களா? முதல்ல எல்லாரும் சமமா இருந்திருக்காங்க. இவன் காலத்திலதான் தலைவன்னு ஒருத்தன் வந்திருக்கான்!" என்றார். சாயங்காலமே மதுரைக்குப் போய்த் தந்தி அடித்தார். ஐப்பசி வரை தோண்டலாம் என்று உத்தரவு வந்தது.

அன்றைக்கு ஊரே அவரை வாழ்த்தியது. ராமக்காள் இரண்டு தடவை சட்டியை நீட்டினாள். இரண்டு தடவையும் செல்லத்தாய் நிறைய ஊற்றினாள்.

ராசாவைப் பார்க்க ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். செல்லூரிலிருந்து தறிக்காரர்கள் வந்தார்கள். திருப்பரங்குன்றத்துக்குப் போகிறவர்கள் வழியை மாற்றிக்கொண்டு வந்தார்கள். சென்னையிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை தாழி கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று ஆபீசர் சொல்லியிருந்தார். யாரோ ஒரு மாலை போட்டார்கள். யாரோ ஒரு விளக்கு வைத்தார்கள். கூட்டம் மிதித்துவிடக் கூடாதென்று நல்லகாமன் நான்கு முளை அடித்துக் கயிறு கட்டினான். அதோடு நின்றிருந்தால் போயிருக்கும்.

ஒருநாள் அவன் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து, கயிற்றைப் பொட்டலின் குறுக்கே நீட்டிக் கட்டினான். ராசா மேலத்தெருவுக்கு முன்னோர் என்றும், கீழத்தெரு ஆள்கள் கயிற்றைத் தாண்டி ராசா பக்கம் வரக்கூடாது என்றும் சொன்னான்.

கஞ்சிப்பானையும் ராசா பக்கமே இருந்தது.

"மேலத்தெரு முதல்ல வாங்கட்டும். மிச்சத்தக் கயித்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் ஊத்திக்கலாம்" என்றான்.

வண்டியிலிருந்து இறங்கிய யூனுஸ் இதைக் கேட்டான். "என்ன மாப்ள இது? வரிசை ஒண்ணுன்னு சொல்லித்தானே ராவுத்தர் அரிசி போடுறாரு."

"வரிசை ஒண்ணுதான். நாங்க முன்னாடி, அவுக பின்னாடி."

மேலத்தெரு ஆள்கள் சிரித்தார்கள். முதல் நாள் சிரித்த அதே ஆள்கள்தான். காளை மட்டும் நல்லகாமனைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணே, அந்தப் பாசியப் போட்டது நாமதாண்ணே."

நல்லகாமன் கோபப்படவில்லை. கண்ணில் ஒருவிதப் பக்தியோடு பேசினான். "போட்டது நாமதான் தம்பி. ஆனா போடச் சொல்லி எம்மனசுல பூந்தது யாரு? அம்புட்டுச் சட்டி இருக்க, ஏன் அந்தச் சட்டியத் தொட்டேன்? அவரு ராசாடா. அதான் தொட வச்சாரு."

காளை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குத் திரும்பினான். தன் கையால் செய்த பொய்யை ஒருவன் கும்பிடத் தொடங்கிவிட்டால் அவனை எதைச் சொல்லி மீட்பது?

யூனுஸும் ராவுத்தரிடம் சொல்லவில்லை. சொன்னால் கோபத்தில் குருணையையே நிறுத்திவிடுவார், இருக்கிறதும் போய்விடும் என்று பயந்தான். தன் மனைவி ஜெயினம்பு சுட்டுக் கொடுத்த ரொட்டியில் பாதியை மடித்து வைத்திருந்து, போகிற போக்கில் ராமக்காள் கையில் வைத்துவிட்டுப் போவான். ஆனால் அவன் வண்டி எல்லா நாளும் வருவதில்லை. சில நாள் அவன் தம்பி ஓட்டிக்கொண்டு வந்தான்.

பானை கயிற்றைத் தாண்டும்போது அடியில் தண்ணீர்தான் இருந்தது. மேலத்தெருவில் முன்பு வேலைக்கு வராதவர்களும் ராசா வீட்டு ஆள்கள் என்று சட்டியோடு வந்து நின்றார்கள். செல்லத்தாய் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சிப் பார்த்தாள். அப்போதும் போதவில்லை. ஒருநாள் ஒரு கலயத்தில் கெட்டியாக எடுத்து ஓலைக்கடியில் ஒளித்து வைத்தாள். நல்லகாமன் அதைப் பார்த்துவிட்டான்.

"ஆத்தா, வழக்கத்தக் கெடுக்காத."

"எது வழக்கம்? சட்டி தெறந்த செவ்வாக்கெழமைலேர்ந்து வந்த வழக்கமா?"

அவன் பதில் சொல்லாமல் கலயத்தை எடுத்துப் பானையில் கவிழ்த்தான். ஒரு சொட்டுக்கூடக் கீழே கொட்டவில்லை. அவனைப் பொறுத்தவரை அது அநியாயமே இல்லை, ஒழுங்கு.

ராமக்காள் மறுபடியும் இடுப்புக்கு ஏறினாள். பிறகு இடுப்பிலும் உட்கார முடியாமல் தோளில் கிடந்தாள். சட்டியை மட்டும் விடவில்லை. "எம்புட்டுடீ?" என்று கேட்கச் செல்லத்தாய்க்கு வாய் வரவில்லை. ஆடி பிறந்து காற்று வீசத் தொடங்கியபோது காய்ச்சல் திரும்பியது. ஒரு காலையில் யூனுஸ், ஜெயினம்பு கொடுத்த ஆட்டுப்பாலைப் புட்டியில் அடைத்து எடுத்துக்கொண்டு, வண்டியைப் பொட்டலில் விட்டுவிட்டுக் கீழத்தெருவுக்கு நடந்தே போனான். தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. பாலை என்ன செய்வதென்று தெரியாமல், அங்கே அழுதுகொண்டு நின்ற வேறொரு குழந்தையிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

வாய்க்கால் கரையில் குழந்தையைப் புதைத்துவிட்டு, மறுநாள் மத்தியானம் தங்கப்பொண்ணு பொட்டலுக்கு வந்தாள். முந்தானையில் அந்தக் கையகலச் சட்டியை முடிந்து வைத்திருந்தாள். வீட்டில் வைக்க மனசில்லை போலும். கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்று காளையைக் கூப்பிட்டாள்.

"சாமி, அந்தப் பச்சப்புள்ள பாசிய மட்டும் எடுத்துக் குடுங்க. அதோட சட்டியில திரும்பப் போட்டுர்றேன். ஒரு புள்ளகிட்ட இருந்து புடுங்குனேன், எம்புள்ளய எடுத்துக்கிருச்சு சாமி."

காளை கயிற்றருகே வந்தான். "அப்படிச் சொல்லாத, தங்கப்பொண்ணு. சாமி அப்படியெல்லாம் பண்ணாது. அந்தப் புள்ளயும் பண்ணாது. பண்ணுனது நாங்க."

அவன் கயிற்றை அவிழ்க்கவில்லை. மண்வெட்டியால் ஒரே வெட்டு வெட்டினான். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. கூடாரத்திலிருந்து ஆபீசர் ஓடி வந்தார். காளை பெரிய தாழிக்குள் கையை விட்டுப் பாசிகளை அள்ளித் துண்டில் போட்டான்.

"என்ன செய்றீங்க? அதைத் தொடாதீங்க!"

"இது ராசா இல்ல சாமி. நாங்க செஞ்சது. எல்லார் சட்டியிலயும் ஒண்ணு இருந்துச்சு, அந்தப் பாசிய எல்லாம் எடுத்து இதுல போட்டோம்."

"ஏன்?" என்றார் ஆபீசர்.

"கஞ்சிக்கு சாமி."

நல்லகாமன் பாய்ந்து வந்தான். "பொய் சொல்றான் சாமி! ராசாவப் பழிக்கிறான்!" ஆனால் ஆபீசர் அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு அவன் தலைப்பாகையைப் பார்த்தார், தாழியின் கழுத்தில் கிடந்த வாடிய மாலையைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. வெட்டிப்போட்ட மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"தலைவனே இல்லைங்கிறதுதான் இங்க கிடைச்ச சேதி. என் கண் முன்னாலயே இருந்துச்சு" என்றார். "அதைக் கேட்கிறதுக்குத்தான் ஆள் இல்லை. நாளைக்குக் கூடாரத்தைப் பிரிச்சிடறேன்."

மேலத்தெரு ஆள்கள் காளையை ஏசினார்கள். அவன் வாங்கிக்கொண்டான். தங்கப்பொண்ணிடம் துண்டை நீட்டி, "இதுல எது அந்தப் புள்ளயோடதுன்னு தெரியலயே" என்றான்.

அவள் குனிந்து பார்த்தாள். எல்லாம் ஒன்று போலவே இருந்தன.

"எதப் போட்டாலும் அதுதான் சாமி."

சின்னத் தாழி இன்னும் வண்டி ஏறவில்லை. அதில் ஒரு பாசியைப் போட்டு அவள் மூடியை வைத்தாள். ஆபீசர் தடுக்கவில்லை. காளை அந்தக் குழியை மட்டும் மண் போட்டு மூடினான்.

யூனுஸ் கொண்டுவந்த கடைசிக் குருணை பானையில் கொதித்துக்கொண்டிருந்தது. நாளையிலிருந்து அது கிடையாது. மேலத்தெரு ஆள்கள் பழக்கப்படி முன்னால் வந்து நின்றார்கள். கீழத்தெரு ஆள்கள் அறுந்து கிடந்த கயிற்றையும் தாண்டாமல் நின்றார்கள். செல்லத்தாய் முதல் அகப்பையைக் கருப்பசாமிக்கு மண்ணில் விட்டாள். பிறகு அகப்பையைத் தங்கப்பொண்ணின் கையில் கொடுத்தாள்.

"நீ ஊத்து புள்ள."

"தாயி, எங்கையாலயா?"

"ஒங்கையாலதான்."

மேலத்தெருவில் சிலர் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள். காளை போய் முதலில் நீட்டினான். யூனுஸ் வண்டியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து அவனுக்குப் பின்னால் நின்றான். "எனக்கும் ஊத்துத்தா" என்றான். மேலத்தெருக்காரன் ஒருவன், பிறகு கீழத்தெருப் பெண் ஒருத்தி, பிறகு இன்னொருவன். வரிசை நீளமாக இல்லை. ஆனால் ஒன்றாக இருந்தது.

கடைசியில் பானையில் ஓர் அகப்பைதான் மிச்சம். நல்லகாமன் அறுந்த கயிற்றின் முளையருகே நின்றுகொண்டிருந்தான். அவன் வீட்டில் மனைவி படுத்த படுக்கை என்பது ஊருக்குத் தெரியும். ராசா வந்த நாளிலிருந்து அவனுக்குக் கஞ்சி தனியாக வீட்டுக்குப் போனது. அதனால் அவன் சட்டி கொண்டுவரவில்லை.

தங்கப்பொண்ணு பானையைச் சாய்த்து வழித்தாள். "மேஸ்திரி அய்யா, வாங்க" என்றாள்.

அவன் அசையவில்லை.

"இதான் கடைசி. நாளைக்குக் கெடையாது. வாங்க."

அவன் வந்தான். தலைப்பாகையை எப்போது அவிழ்த்தான் என்று யாருக்கும் தெரியவில்லை, துணி தோளில் தொங்கியது. வெறுங்கையைக் குவித்து நீட்டினான். அகப்பையிலிருந்த கஞ்சியில் இன்னும் ஆவி பறந்தது.

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, கையகலச் சட்டியை எடுத்தாள். பிறருக்கு ஊற்றிய அதே அளவை ஊற்றினாள். சட்டி சின்னது, விளிம்பு வரை வந்து நின்றது.

"சூடு" என்றாள். "பாத்துப் புடிங்க."